ஊர் மணியா, தேநீர் விடுதியா: ஒரு மாலைக்கு எந்தப் படம்?

அடுத்த மாதம் எங்கள் திரைப்பட வட்டத்தில் ஒரே ஒரு படம்தான் போட முடியும். நூலக மாடி ஒரு சனிக்கிழமை மாலைக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. வழக்கமாக வருகிறவர்கள் இருபது, இருபத்தைந்து பேர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரும் இரண்டு மூன்று சின்னப் பசங்கள். இந்த முறை எடுத்துக்கொண்ட பொருள்: ஒரு படை வந்து ஊரைப் பிடித்துவிடுகிறது, அதே படையைச் சேர்ந்த ஒருவன் அந்த ஊரைத் திரும்பக் கட்டப் பார்க்கிறான். அப்படிப்பட்ட கதைகள்.

சண்டைப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. சண்டை ஓய்ந்த மறுநாள் காலையில் தண்ணீர் எப்படி வரும், ரொட்டி யார் சுடுவார்கள், கடலுக்குப் போக யாரிடம் அனுமதி கேட்பது என்று யோசிக்கும் படங்கள்தான் குறைவு. அந்தக் குறைவிலிருந்து நான்கை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று வாரமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 'எ பெல் ஃபார் அடானோ', 'தி டீஹவுஸ் ஆஃப் தி ஆகஸ்ட் மூன்', 'தி சர்ச்', 'ஜெர்மனி இயர் ஜீரோ'. நான்குமே இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியையும் அதற்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளையும் பற்றியவை. கதை முடிவுகளையும் சொல்லித்தான் ஒப்பிட முடியும், ஆகவே முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் நான் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. வந்த சிப்பாய் ஊர்க்காரர்களிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கிறானா, இல்லை என்ன வேண்டும் என்று அவனே முடிவு செய்துகொண்டு வருகிறானா? எங்கள் வட்டத்தில் யாழ்ப்பாணத்தில் பிறந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அடானோ கதையை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உந்த மேஜர் நல்லவர்தான். ஆனா அவருக்கு மாற்றல் வந்தாப் பிறகு வாற ஆள் எப்பிடியோ?" நான் வைத்திருந்த அளவுகோல் பாதிதான் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

அடானோவிலிருந்தே தொடங்குகிறேன். ஜான் ஹெர்சி 1944-இல் எழுதிய நாவல். மறு ஆண்டே புலிட்சர் பரிசு, அதே 1945-இல் ஹென்றி கிங் இயக்கத்தில் படம். நேசநாட்டுப் படைகள் 1943 ஜூலை 10 அன்று சிசிலித் தீவில் இறங்கின. ஹெர்சி அப்போது போர்ச் செய்தியாளர். அடானோ என்று ஓர் ஊர் வரைபடத்தில் கிடையாது. அதற்குப் பின்னால் இருப்பது லிக்காட்டா என்ற துறைமுக ஊர். கதையில் வரும் மேஜர் ஜோப்போலோவுக்குப் பின்னால், லிக்காட்டாவை நிர்வகித்த ஃப்ராங்க் டோஸ்கானி என்ற உண்மையான அமெரிக்க அதிகாரி இருக்கிறார். பிடித்த நாடுகளை நிர்வகிக்கவென்றே அமெரிக்க ராணுவம் 1942-இல் வர்ஜீனியாவில் ஒரு பள்ளி நடத்த ஆரம்பித்திருந்தது. துப்பாக்கியோடு கோப்புகளையும் தூக்கிக்கொண்டு போன ஒரு புதுவகை அதிகாரியை இந்தக் கதையில் பார்க்கிறோம்.

ஜோப்போலோ வந்ததும் ஊர்க்காரர்களிடம் கேட்கிறார், உங்களுக்கு முதலில் என்ன வேண்டும் என்று. நாவலில் இந்த இடம் அழகு. சாப்பாடு என்கிறார் ஒருவர். ஜனங்கள் பட்டினி, வேறென்ன கேட்பார்? பக்கத்தில் நிற்கும் முதியவர் ஒப்புக்கொள்ளவில்லை, மணிதான் முதலில் என்கிறார். ஊரின் எழுநூறு ஆண்டுப் பழைய மணியை முசோலினி அரசு ஆயுதம் வார்க்கக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. ஊர் எழுந்ததும் உண்டதும் வேலைக்குப் போனதும் அந்த மணியின் ஓசையில்தான். ஒரே ஊர், ஒரே பசி, இரண்டு பதில். வெளியிலிருந்து வருகிறவன் எவனாக இருந்தாலும் ரொட்டியைத்தான் எழுதிக்கொள்வான். ஜோப்போலோ ரொட்டிக்கும் வழி செய்கிறார், மணியையும் மறக்கவில்லை.

அப்புறம் வண்டி விவகாரம். நாவலில் ஒரு தளபதி காரில் போகிறார். முன்னால் ஒரு கோவேறு கழுதை வண்டி வழிவிடாமல் போகிறது, வண்டிக்காரர் தூங்கிவிட்டார். வண்டியைச் சாலையை விட்டுத் தள்ளச் சொல்கிறார் தளபதி, கழுதையைச் சுடச் சொல்கிறார். அதோடு விடவில்லை, இனி ஊருக்குள் வண்டியே வரக்கூடாது என்று உத்தரவும் போடுகிறார். ஊருக்குத் தண்ணீர் வருவது அந்த வண்டிகளில். உணவு வருவதும் அதில்தான். வண்டி நின்றால் இரண்டாம் நாளே ஊர் வறண்டுவிடும். ஜோப்போலோ யோசித்துப் பார்த்துவிட்டு, தன் பொறுப்பில் அந்த உத்தரவை மீறி வண்டிகளை உள்ளே விடுகிறார். அவர் செய்ததைப் பற்றிய அறிக்கை மேலிடத்துக்குப் போய்ச் சேராமல் இருக்கக் கீழே உள்ளவர்கள் அதைக் காகிதக் கட்டுக்குள் செருகி வைக்கிறார்கள். கதையின் பாதி பதற்றம் அந்த ஒரு காகிதம் எங்கே இருக்கிறது என்பதில்தான். அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது சட்டென்று புரியும்.

கடைசியில் கடற்படையிடமிருந்து ஒரு போர்க்கப்பலின் மணி வருகிறது. அதைக் கோபுரத்தில் ஏற்றுகிறார்கள். காகிதமும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஜோப்போலோவுக்கு மாற்றல் உத்தரவு. நாவலின் கடைசிப் பக்கத்தில் ஊரை விட்டுச் சில மைல் வந்த பிறகு வண்டியை நிறுத்தச் சொல்கிறார். மணிச் சத்தம் கேட்கிறது. ஓட்டுநருக்கு அது வெறும் மணி, பதினொன்று அடிக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா கேட்ட கேள்வியில்தான் இந்தக் கதை முடிகிறது. நல்லவர் ஒருவரின் கையெழுத்தால் வந்த தண்ணீர், இன்னொருவரின் கையெழுத்தால் நிற்கலாம். ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டு கையெழுத்திலும் பங்கில்லை. படையின் ஆட்சியில் கருணை என்பது இப்படித்தான் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதைக் கதை மறைக்கவில்லை. போர் இன்னும் முடியாத நாட்களில் ஓர் அமெரிக்கர் இதை எழுதினார் என்பதை மதிக்கிறேன். இதே ஹெர்சிதான் இரண்டு ஆண்டு கழித்து ஹிரோஷிமாவில் உயிர் பிழைத்தவர்களைப் பற்றி எழுதி உலகத்தை உலுக்கினார்.

குறைகளும் உண்டு. சிசிலிக் கதையைக் கலிஃபோர்னியாவில் எடுத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் எல்லாரும் ஆங்கிலத்தை இத்தாலிய ராகத்தில் பேசுகிறார்கள். மீனவர் மகளாக வரும் ஜீன் டியர்னிக்கும் மேஜருக்கும் நடுவே ஒரு மெல்லிய காதல் இழை. அது இல்லாமலே கதை நின்றிருக்கும். இதைவிடப் பெரிய குறை, படம் காட்டாமல் விட்டது. அதே 1943-இல் வில்லால்பா என்ற சிசிலி ஊருக்கு நேசநாட்டு நிர்வாகம் மேயராக்கியது கலோஜெரோ விட்சினியை. பெயர் பெற்ற மாஃபியா தலைவர். அடானோவுக்கு ஒரு ஜோப்போலோ வாய்த்தார். வில்லால்பாவுக்கு வாய்த்தது அதுதான். படம் போடுவதற்கு முன் இதைச் சொல்லாமல் விட்டால் பார்க்கிறவர்களுக்குப் பாதி உண்மைதான் போய்ச் சேரும்.

அடுத்தது தேநீர் விடுதி. மக்கள் சிரிப்பார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த படம் இந்த நான்கில் இது ஒன்றுதான். 1951-இல் வெர்ன் ஸ்னைடர் எழுதிய நாவல். அவரே ஜப்பானின் ஒகினாவா தீவில் அமெரிக்க ராணுவ நிர்வாகத்தில் இருந்தவர். அதை ஜான் பேட்ரிக் மேடை நாடகமாக்கிப் புலிட்சர் வாங்கினார். 1956-இல் டேனியல் மான் இயக்கிய படம் வந்தது. டொபிக்கி என்ற கிராமத்துக்கு கேப்டன் ஃபிஸ்பி அனுப்பப்படுகிறார். கையில் தடித்த திட்டப் புத்தகம். அதன்படி கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும், அதுவும் ஐங்கோண வடிவத்தில், அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் மாதிரி. ஊர்க்காரர்கள் கேட்பது தேநீர் விடுதி. கூடவே வரும் துபாஷி சாக்கினி, இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்க்கிற சாக்கில் இரண்டு பக்கத்தையும் தன் விருப்பத்துக்கு வளைத்துவிடுகிறான். பள்ளிக்கு வந்த மரமெல்லாம் விடுதிக்குப் போகிறது.

இந்தப் படத்தில் எனக்கு மனத்தில் நிற்கும் காட்சி சிரிப்புக் காட்சி அல்ல. ஊர்க்காரர்கள் கைவேலைப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கச் சிப்பாய்களிடம் விற்கப் போகிறார்கள். அரக்குக் கிண்ணம், வைக்கோல் தொப்பி, சில்வண்டு வளர்க்கும் சின்னக் கூண்டு. எதுவும் விற்கவில்லை. நாள் கணக்கில் இழைத்துச் செய்த கிண்ணம், எந்திரத்தில் வந்த கிண்ணத்தின் விலைக்குக்கூடப் போகவில்லை. தலை குனிந்து திரும்பி வருகிறார்கள். பரம்பரையாகக் கைத்தொழில் செய்து வந்த வீட்டில் பிறந்தவர்கள் இந்தக் காட்சியைத் தாண்டிப் போக முடியாது. ஊரைக் கடைசியில் காப்பாற்றுவது சர்க்கரைவள்ளிக் கிழங்கில் வடிக்கும் சாராயம். அதை ராணுவ முகாம்களுக்கே விற்கிறார்கள். பணம் கொட்டுகிறது. மேலதிகாரிக்கு விஷயம் தெரிந்து விடுதியை இடிக்கச் சொல்கிறார். அந்த நேரம் பார்த்து, டொபிக்கிதான் முன்மாதிரிக் கிராமம் என்று வாஷிங்டன் கொண்டாடத் தொடங்கிவிடுகிறது. நல்லவேளை, ஊர்க்காரர்கள் எதையும் இடிக்கவில்லை, கழற்றி ஒளித்து வைத்திருக்கிறார்கள். கண்ணெதிரே விடுதி மறுபடி எழுந்து நிற்கிறது.

முதல் அளவுகோலில் இந்தப் படம் அடானோவையே முந்திவிடும். ஃபிஸ்பி ஊரை மாற்ற வந்தவர். ஊர்தான் அவரை மாற்றிவிடுகிறது. அவர் மனநிலையைச் சோதிக்க வந்த மருத்துவர்கூட இயற்கை விவசாயத்தில் இறங்கிவிடுகிறார். தொடக்கத்தில் சாக்கினி நம்மைப் பார்த்து ஒகினாவாவின் வரலாற்றைச் சொல்கிறான்: சீனக் கடற்கொள்ளையர், ஆங்கிலப் பாதிரியார், ஜப்பானியப் பிரபுக்கள், இப்போது அமெரிக்கப் படை, இப்படி ஒவ்வொருவராக வந்து பண்பாட்டை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தந்தார்கள் என்று. அந்தச் சில நிமிடத்தில் இருக்கும் கூர்மை படம் முழுக்க இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

ஏன் தயங்குகிறேன்? முதல் காரணம், சாக்கினியாக நடிப்பது மார்லன் பிராண்டோ. கண்ணையும் தோலையும் ஒப்பனையால் மாற்றிக்கொண்டு ஆசியராக நடிக்கிறார். அன்று பாராட்டியிருக்கலாம், இன்று நம் கல்லூரிப் பிள்ளைகள் முன்னால் இதைப் போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த ஒகினாவா சண்டையில் அந்தத் தீவின் பொதுமக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்துபோனார்கள். கதை நடக்கும்போது அந்தப் பிணங்களின் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. படத்தில் அதன் நிழலே இல்லை. படம் வெளிவந்த 1956-இல் நிலைமை இன்னொன்று. அமெரிக்கப் படை தளங்களுக்காக ஒகினாவா விவசாயிகளின் நிலத்தைத் துப்பாக்கி முனையில், புல்டோசரை விட்டுப் பறித்துக்கொண்டிருந்தது. நிலத்துக்கான வாடகையை மொத்தமாக ஒரே தவணையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அந்த ஜூன் மாதம் சொன்னதும், தீவு முழுக்க மக்கள் தெருவில் இறங்கினார்கள். திரையில் ஊர் கேட்டதெல்லாம் கிடைக்கிறது, அதே ஆண்டு நிஜ ஊர் தன் வயலைக் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறது. ஒகினாவா ஜப்பானிடம் திரும்பியது 1972 மே 15 அன்று. தளங்கள் இன்றும் இருக்கின்றன. 'வாற ஆள் எப்பிடியோ' என்ற கேள்வி இந்தப் படத்தில் எழவே எழாது, ஏனென்றால் யாரும் அங்கிருந்து போகிற பேச்சே இல்லை.

படம் மோசம் என்று சொல்லவில்லை. இந்த வரலாற்றை அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் பார்க்கிற கூட்டமாக இருந்தால், தாராளமாகப் போடலாம். படமே இரண்டு மணி நேரத்துக்கு மேல். எங்களுக்கு இருப்பது ஒரு மாலை.

'தி சர்ச்' பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரெட் ஜின்னமன் 1948-இல் எடுத்தது. அவரது பெற்றோர் இருவரும் நாஜி இன அழிப்பில் பலியானவர்கள். அமெரிக்கப் படையின் ஆளுகையில் இருந்த ஜெர்மன் நகரங்களின் நிஜ இடிபாடுகளுக்கு நடுவே படம் பிடித்திருக்கிறார். செட் போட்டு அந்தச் செங்கல் குவியலைக் கொண்டுவர முடியாது. முகாம்களிலிருந்து மீட்ட குழந்தைகளை அகதிகள் நல அமைப்பு ஒன்று பராமரிக்கிறது. அவர்களை வேறிடம் கொண்டுபோகச் செஞ்சிலுவை போட்ட வண்டிகளில் ஏற்றுகிறார்கள். குழந்தைகள் நடுங்குகிறார்கள். இப்படி வண்டியில் ஏற்றிக் கதவை மூடினால் அடுத்து நச்சுப் புகைதான் என்பது அவர்கள் கற்ற பாடம். உதவ வந்தவர்களுக்கு இது விளங்குவதற்குள் பிள்ளைகள் கதவை உடைத்து ஓடிவிடுகிறார்கள். உதவுகிற கையைப் பார்த்து ஒரு குழந்தை ஏன் ஓடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

ஓடியவர்களில் ஒருவன் செக் நாட்டுச் சிறுவன் கரேல். எது கேட்டாலும் 'எனக்குத் தெரியாது' என்று ஜெர்மன் மொழியில் ஒரே பதில். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஸ்டீவ் (நடித்தவர் மான்ட்கோமரி கிளிஃப்ட்) ஜீப்பில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருக்கும்போது இடிபாட்டுக்கு அந்தப் பக்கம் பையன் நிற்பதைப் பார்க்கிறார். வீட்டுக்குத் தூக்கி வந்து அடைத்து வைக்கிறார். பையன் முரண்டு பிடிக்கிறான். சரி, போகிறாயா, போ என்று கதவைத் திறந்து விடுகிறார். திறந்த பிறகுதான் அவன் தானாகத் திரும்பி வருகிறான். ஊரைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு படையின் ஆள் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருக்கும் அந்தச் சில கணங்களுக்காகவே இந்தப் படத்தை எத்தனை முறையும் பார்ப்பேன். ஸ்டீவ் ஆங்கிலம் கற்றுத் தருகிறார், அமெரிக்காவுக்கே கூட்டிப்போக ஏற்பாடும் செய்கிறார். ஆனால் பையனுக்கு வேண்டியது அம்மா. அந்த அம்மா முகாம் முகாமாகத் தேடிக்கொண்டு கால்நடையாக வந்துகொண்டிருக்கிறாள். கரேலாக நடித்த இவான் யாண்டலுக்கு ஆங்கிலம் தெரியாது, வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசினான். சிறார் நடிகருக்கான ஆஸ்கர் அவனுக்குக் கிடைத்தது.

எங்கள் கூட்டத்தில் வரும் அம்மாக்களை நினைத்தால் இந்தப் படம்தான் என்று கை போகிறது. ஆனால் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இது ஓரமாக நிற்கிறது. இது ஒரு குழந்தையை மீட்கும் கதை. ஊர் இன்னும் செங்கல் குவியலாகவே இருக்கிறது. தண்ணீரும் வரிசையும் உத்தரவும் இதில் இல்லை. ஊரை யார் நடத்துவது என்ற வாதத்துக்கும் இடமில்லை. படம் முடிந்ததும் எல்லாரும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவோம், பேச்சு நடக்காது.

இத்தாலிய இயக்குநர் ரொசெல்லினியின் 'ஜெர்மனி இயர் ஜீரோ', அதே 1948, ஒன்றேகால் மணி நேரம்தான், பெர்லின் இடிபாடுகளில் எடுத்தது. இங்கே கேட்கிற சிப்பாயே இல்லை. நேசநாட்டுச் சிப்பாய்கள் சுற்றுலாப் பயணிகள் மாதிரி வந்து போகிறார்கள். ஹிட்லரின் பேச்சைப் பதிந்த இசைத்தட்டை எட்மண்ட் என்ற சிறுவன் அவர்களிடம் விற்கப் போகிறான். ஹிட்லரின் மாளிகை இருந்த இடிபாட்டில் அந்தக் குரல் மறுபடி ஒலிக்கிறது. கடைசியில் பையன் செய்வதையும் அவனுக்கு நேர்வதையும் சின்னப் பசங்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் நான் காட்ட மாட்டேன். தனியாகப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள், மறுநாள் விடுமுறையாக இருக்கட்டும்.

ஆக, அடானோ. ஒன்றேமுக்கால் மணி நேரம், எல்லா வயதினரும் உட்காரலாம், முடிந்த பிறகு பேச நிறைய இருக்கும். கலிஃபோர்னியாவில் அமைத்த சிசிலியையும் ஒட்டாத காதலையும் பொறுத்துக்கொள்ளலாம். கேட்கிற அதிகாரியையும் காட்டி, அவர் மாற்றலாகிப் போவதையும் காட்டும் படம் இந்த நான்கில் இது ஒன்றுதான். உங்கள் வீட்டில் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் மட்டும் என் தேர்வு 'தி சர்ச்'. பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் செஞ்சிலுவை வண்டிக் காட்சியை விளக்க நீங்கள் இருக்க வேண்டும்.

அக்காவிடம் நேற்று முடிவைச் சொன்னேன். படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் வில்லால்பா பற்றி நான் பேசுகிறேன், படத்துக்குப் பிறகு முதலில் நீங்கள் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, மணியைப் பற்றி என்றால் பேசுகிறேன் என்றார். அவர்கள் ஊர்க் கோயிலிலும் ஒரு மணி இருந்ததாம்.